பாதியில் விட்ட வேலை



கோடை இடிமழையைப் பற்றியும் மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளத்தைப் பற்றியும் இந்தக் கல்லூரியில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அழைப்பிதழில் அச்சிடத் தலைப்பு கேட்டபோது ‘பாதியில் விட்ட வேலை’ என்று எழுதி அனுப்பினேன். தலைப்புக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். அதைச் சொல்ல நான் என் ஊர் மாந்தோப்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது எங்கள் ஊர். சித்திரை பிறந்தால் மாங்காய் முற்றத் தொடங்கும். பகலெல்லாம் தீயாகக் காயும். மூன்று மணி வாக்கில் மலைமேல் வெள்ளையாக ஒரு மேகம் முளைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்கடுக்காக வளர்ந்து, அடிவயிறு கறுத்துவிடும். மழைக்கு முன்னால் காற்று வரும். அந்தக் காற்றுக்காகவே காத்திருந்து, தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தோப்புக்கு ஓடுவோம். காற்றில் உதிர்ந்த காயை யார் பொறுக்கினாலும் தோப்புக்காரர் கேட்கமாட்டார். சப்பட்டை, பஞ்சவர்ணம், பெயர் தெரியாத புளிப்புக் காய்கள் என்று கிடைத்ததையெல்லாம் மடியில் கட்டுவோம். இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று கத்துவோம். கத்தினால் இடி நம்மேல் விழாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, வகுப்புத் தோழன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிப்போக அவன் அக்கா தோப்புக்கு வந்தாள். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டாள். அப்போது பெரிய மரம் ஒன்றின் அடியில் காய்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். “நீ போ, இந்த மரத்தடிய மட்டும் பொறுக்கிட்டு வாரேன்” என்றாள். நாங்கள் தோப்பு வேலியைத் தாண்டியிருப்போம். அந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக நினைவுக்குக் கொண்டுவர என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. இரண்டும் ஒன்றாகவே வந்தன. அவள் மடியிலிருந்த காய்கள் மரத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

பின்னாளில் நான் புவியியல் ஆசிரியனானேன். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில், பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து மாணவர்களைக் கொண்டு அளந்துவந்தேன். கோடை மாதங்களில் மின்னலிலும் வெள்ளத்திலும் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களிலிருந்து வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. காயப்போட்ட மிளகாயை அள்ளப் போனவர். மேய்ச்சலில் விட்ட ஆட்டை ஓட்டிவரப் போனவர். கடைசிப் பாத்தியில் களை வெட்டிக்கொண்டிருந்தவர். மாடிக்குத் துணி எடுக்கப் போனவர். தரைப்பாலத்தைத் தாண்டிவிட்டால் வீடு என்று வண்டியை இறக்கியவர். ஏறத்தாழ எல்லாச் செய்தியிலும் ஒரு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. இடி விழும் என்று இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அல்லது வர விடவில்லை. நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் அந்த மேகத்தைப் பற்றிக் கொஞ்சம். வெயிலில் காய்ந்த தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதோடு சேர்கிறது. மலைச்சரிவு அதை மேலே தள்ளிவிடுகிறது. அப்படி ஏறும் காற்று பன்னிரண்டு, சில நாள் பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை போகும். கீழே நமக்கு வியர்த்துக் கொட்டும்போது, அந்த மேகத்தின் மேல்பாதியில் உறைகுளிர். அங்கே பனிக்குருணைகளும் மெல்லிய பனித்துகள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதி மோதி, மேகத்தின் மேல்பகுதியில் நேர்மின்னூட்டமும் கீழ்ப்பகுதியில் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. தாங்க முடியாத அளவு சேரும்போது அது பாய்ந்து தீர்கிறது. அந்தப் பாய்ச்சல் தான் போகும் வழியிலுள்ள காற்றைச் சுமார் 30,000 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம் அது. நொடியில் விரிந்த காற்றின் அலறல்தான் இடி.

இத்தனை பெரிய மேகமானாலும் தனியொரு மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. மூன்று மணிக்கு முளைத்து நாலு மணிக்குக் கரைந்துபோகிற ஒன்றை, இன்ன ஊரில் இன்ன நேரத்துக்கு என்று முந்தைய நாளே சொல்ல எந்த வானிலை நிலையத்தாலும் முடியாது. புயலுக்குப் பெயர் வைத்து, கரையைத் தொடுமுன்பே பாதையும் வரைந்துவிடுகிறோம். கோடை இடிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இங்கே நம்முடைய கண்ணும் காதும் கடைசிவரை வேலை செய்தாக வேண்டும்.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிடைக்கும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது என்றும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும் என்றும் மாணவர்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது அந்தப் பாடத்தை இன்னும் எளிதாக்கிவிட்டேன். இடி பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பொதுவாகக் கேட்காது. மின்னலோ மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் விழக்கூடும். ஆகவே இடி காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். தலைக்கு மேல் மேகம் இல்லை, ஒரு சொட்டும் விழவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. மழை வருவதற்கு முந்தைய பத்து நிமிடமும், மழை ஓய்ந்து சிலுசிலுவென்று காற்று வீசும் பிந்தைய அரை மணியும்தான் பலரை வெளியே இழுத்துக் கொன்றிருக்கின்றன.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் 8,060 பேர் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தந்தது. அதில் 2,887 பேர் மின்னலால் இறந்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். புயலுக்கும் பெருவெள்ளத்துக்கும் அமைச்சர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சி வருகிறது. மின்னல் ஒரு வயலில் ஒருவரை, ஒரு மரத்தடியில் மூவரை என்று எடுத்துக்கொண்டு போவதால், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

மரத்தடியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மின்னல் தலைமேல் நேராக இறங்கி இறப்பவர்கள் மிகக் குறைவு. மரத்தில் இறங்கிய மின்னல், பச்சை மரத்தைவிட எளிதான வழி பக்கத்தில் நிற்கும் மனித உடல் என்று கண்டு அதன்மேல் தாவுகிறது. மரத்தின் வேரடியில் இறங்கிய மின்சாரம் நிலத்தில் நாலாபக்கமும் பரவுகிறது. நம் இரண்டு கால்களும் அகன்று நின்றால் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்குகிறது. ஒரே புளியமரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். ஆட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில்தான் இதயம் இருக்கிறது. பனைமரம் இடியை வாங்கிக்கொள்ளும் என்று நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மின்னல் சாவைக் குறைக்கப் பனை நடும் திட்டத்தை ஒடிசா அரசே எடுத்திருக்கிறது. ஆனால் பனை வாங்கிக்கொள்வது வயலின் அந்தக் கோடியில் நிற்பவருக்காக. பனையடியில் நிற்பவரை அது காக்காது.

அப்படியானால் எங்கே போவது? காங்கிரீட் கூரையும் நாலு சுவரும் உள்ள கட்டடத்துக்குள். அது இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து, லாரியின் உள்ளே. மேலே மூடியிருந்தும் பக்கவாட்டில் திறந்து கிடக்கும் பேருந்து நிழற்குடை, களத்துமேட்டுக் கொட்டகை, மாந்தோப்புக் காவல் குடிசை எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. பம்புசெட் அறை கட்டடமாக இருந்தால் போகலாம், மோட்டார் சுவிட்சையும் குழாயையும் தொடாமல் நிற்க வேண்டும். தோட்டத்துக் கம்பிவேலியை விட்டு விலகுங்கள். எங்கோ விழுந்த மின்னலை அது உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடும். வெட்டவெளியில் காலைச் சேர்த்துக் குந்துவதைப் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேறு வழியே இல்லாதபோது செய்யும் கடைசி முயற்சி அது. குந்தினால் போதும் என்று நம்பி ஓட வேண்டிய நேரத்தைக் குந்திக் கழிக்கக் கூடாது. செல்போன் மின்னலை இழுக்கும் என்ற பயம் தேவையற்றது. அந்தப் பயத்தில் போனை அணைத்துவிட்டால் எச்சரிக்கையும் வராது, உதவிக்கும் ஆளைக் கூப்பிட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டால் நம்மையும் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து சுற்றி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாந்தோப்பில் நாங்களே அப்படித்தான் நின்றோம். மின்னல் பெரும்பாலும் இதயத்துடிப்பை நிறுத்திக் கொல்கிறது, நின்ற இதயத்தைச் சில நேரம் மீட்க முடியும். மூச்சில்லாமல் கிடந்தால் மார்பின் நடுவே உள்ளங்கையை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்று இருபது தடவை அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்த, இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்தக் கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒருநாள் இந்தப் பயிற்சி கொடுத்துவிடுங்கள் முதல்வர் அவர்களே. கேட்டு அறிவதைக் காட்டிலும் கை பழகியிருப்பதே அந்த நேரத்தில் உதவும்.

இனி வெள்ளம். மலையடிவாரத்துக்காரன் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை.

மழை பெய்யும் இடமும் வெள்ளம் வரும் இடமும் ஒன்றல்ல. இது குழந்தைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் ஓடையில் கால் நனைத்து நிற்கும்போது நாம் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைத்தான் பார்க்கிறோம், மலைமுகட்டுக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மலைமேல் பத்து சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் மழை கொட்டினால் அது ஐம்பது கோடி லிட்டர் தண்ணீர். பாறைச்சரிவில் பாதி நிலத்துக்குள் போனது என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து கோடி லிட்டர் ஒரே ஓடை வழியாக இறங்க வேண்டும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடினால் ஐந்து கிலோமீட்டரை அரை மணிக்குள் கடந்துவிடும். மேலே பெய்வது தெரிந்தவருக்கு அந்த அரை மணி முழுவதும் கிடைக்கிறது. தெரியாதவருக்குத் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு மிஞ்சும் அரை நிமிடம்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சீசன் இன்னும் தொடங்காத நேரம். கோடை மழையில் அருவி விழுகிறது என்று கேள்விப்பட்டு மக்கள் வந்திருந்தார்கள். அந்த வாரம் தென்மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தது. மலையில் பெய்த மழை அருவியில் திடீரென்று வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச்செல்லப்பட்டு இறந்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2015 மே மாதம், எங்கள் பக்கத்துச் சதுரகிரியில் அமாவாசை வழிபாட்டுக்கு வந்த பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். இப்போது மழை பெய்தால் வனத்துறை மலைப்பாதையை மூடிவிடுகிறது. இவ்வளவு தூரம் வந்தும் சாமி பார்க்க விடவில்லையே என்று மலையடிவாரத்துத் தாணிப்பாறை வாசலில் வருத்தப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வாசலை மூடும் வனக்காவலருக்கு நான் கை கூப்புகிறேன்.

அருவியில் நிற்பவருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அருவியின் இரைச்சலில் இடி கேட்காது. தலைக்கு மேல் பாறை இருப்பதால் மலைமேல் கறுத்த வானம் தெரியாது. எச்சரிக்க வேண்டிய இரண்டு புலன்களையும் அருவியே அடைத்துவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஓடைக்கோ அருவிக்கோ போனால் ஒருவர் குளிப்பதில்லை. கரையில் உயரமான இடத்தில் உட்கார்ந்து மலையையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருப்பது அவர் பொறுப்பு. முறை வைத்து மாறிக்கொள்வோம். பார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டேன். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். ஈரமண் வாடை அடிக்கும். “சருகு வருது, ஏறு” என்று ஒருவர் குரல் கொடுத்தால் சோப்பு, துண்டு, செருப்பு எதையும் எடுக்க நிற்கக் கூடாது. கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடவும் கூடாது. பக்கவாட்டில் மேடேற வேண்டும்.

‘மேடேறு’ என்ற இந்த ஒரு சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு பள்ளத்தாக்கு பெரும் விலை கொடுத்தது. கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் என்று ஒரு மலையாறு. 1976 ஜூலை 31, சனிக்கிழமை மாலை. மறுநாள் அந்த மாநிலம் உருவான நூற்றாண்டு நாள். விடுமுறைக்கு வந்தவர்களால் ஆற்றோரக் கூடாரங்களும் விடுதிகளும் நிரம்பியிருந்தன. வழக்கமாக இடிமேகத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அன்று மேல்காற்று பலமில்லாததால் மேகம் மலையுச்சியில் அப்படியே நின்றுவிட்டது. சுமார் நான்கு மணி நேரத்தில் முப்பது சென்டிமீட்டர் மழை. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்குப் பெரிய மழையே இல்லை. ஆறு மீட்டர் உயரச் சுவராகத் தண்ணீர் வந்தது. பள்ளத்தாக்கின் வாயில் வினாடிக்கு 31,200 கன அடி என்று பின்னர் கணக்கிட்டார்கள். மேட்டூர் அணைச் செய்தி படிக்கிற நமக்கு அந்த எண் எவ்வளவு என்று தெரியும். அது அகன்ற காவிரி, அங்கே அவ்வளவும் வந்தது ஒரு குறுகிய மலை இடுக்கில். 144 பேர் இறந்தார்கள். மக்களை எச்சரிக்கப் பள்ளத்தாக்குக்குள் போன ஹியூ பர்டி என்ற நெடுஞ்சாலைக் காவல் அதிகாரியும் அவர்களில் ஒருவர்.

பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது நெஞ்சை அறுப்பது. காரில் ஏறி ஆற்றோரச் சாலையிலேயே வெளியேறப் பார்த்தவர்கள் பலர் இறந்தார்கள். காரை விட்டுவிட்டு, இருட்டில், மழையில், பாறையைப் பிடித்துப் பத்துப் பதினைந்து மீட்டர் மேலே ஏறியவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்து மலைச்சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்புங்கள் என்று பலகைகள் வைத்தார்கள். நம் மலைச்சாலைகளிலும் ஓடைக்கரைகளிலும் ‘இங்கே குளிக்காதீர்’ என்ற பலகைகள் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது என்று அம்புக்குறி போட்ட பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை. அதை வைக்க அதிகப் பணம் தேவைப்படாது.

காரை விடுவது அவ்வளவு கடினமா என்று கேட்கலாம். நம் தரைப்பாலங்களில் போய்ப் பாருங்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டித்தான் ஓடும், வண்டிக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார், எதிர்க்கரையில் வீட்டு விளக்கு தெரியும், இறக்கிவிடுவார். வேகமாக ஓடும் தண்ணீர் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். முப்பது சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். அறுபது சென்டிமீட்டர் போதும், பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிப் போய்விடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, அதனால் நேற்று இதே அளவுத் தண்ணீரில் தாண்டினேன் என்ற அனுபவம் இன்றைக்குச் செல்லாது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்றும் தெரியாது. நகரத்துச் சுரங்கப்பாதைகளுக்கும் இதே பேச்சுத்தான்.

இப்போது எச்சரிக்கைகளின் மொழிக்கு வருகிறேன். தமிழ் மாணவர்கள் இருக்கும் அவை என்பதால் இதில் உங்கள் கவனம் வேண்டும். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று சென்னை வானிலை மையம் சொல்கிறது. அதைக் கேட்டதும் ஏதோ லேசாகப் பெய்யும்போல என்று நினைத்துக்கொள்கிறோம். ஓரிரு இடங்களில் என்பது பரப்பைக் குறிக்கிற கலைச்சொல். ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து வரையிலானவற்றில் மழை பதிவாகலாம் என்பது பொருள். அந்த ஓரிரு இடங்களில் ஒன்று உங்கள் தோட்டமாக இருந்தால் அங்கே எவ்வளவு பெய்யும் என்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை.

அதேபோல ‘கனமழை’. இருபத்து நான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. 64.4 வரை போனாலும் அது மிதமான மழை என்றே பதிவாகும். காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிற கணக்கு இது. கோடை இடிமழை அறுபது மில்லிமீட்டரை ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். என் பள்ளி மழைமானியில் அப்படி மிதமான மழை என்று எழுதிய ஒருநாள், ஊர் ஓடையில் மாட்டுவண்டி புரண்டு கிடந்தது. பகுப்பு தவறில்லை, அது ஒரு நாள் முழுவதற்குமானது. ஓடைக்கு நாள் கணக்கு தெரியாது, மணிக்கணக்குத்தான் தெரியும். ஆகவே மலையோர ஊர்களில் ‘மிதமான மழை’ என்ற அறிவிப்பு இடியோடு சேர்ந்து வந்தால் அதை மிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களும் அப்படியே. மழையின் அளவைவிட நாம் செய்ய வேண்டியதை அவை சொல்கின்றன. மஞ்சள் வந்தால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு வந்தால் தயாராக இரு, சிவப்பு வந்தால் செயல்படு. கோடை நாளில் இவற்றைவிடப் பயன்படுவது ‘அடுத்த மூன்று மணி நேரத்தில்’ என்று மாவட்டப் பெயர்களோடு வருகிற அறிவிப்பு. டாப்ளர் ரேடாரில் மேகத்தைக் கண்டபின் தருவதால் அதற்கு மதிப்பு அதிகம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்ற செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி தமிழிலேயே எச்சரிக்கை தரும். 2023-இல் பலருடைய கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும், பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. மாநில அவசர எண் 1070, மாவட்ட எண் 1077. இவற்றைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். மலையூரில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இங்க கொட்டுது, ஓடைப் பக்கம் போகாதீக” என்று மேலூர்க்காரர் ஒருவர் சொல்லும் செய்திக்கு ஈடான செயலி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. தொலைக்காட்சிப் பிளக்கை இடி தொடங்குமுன் பிடுங்குங்கள், தொடங்கியபின் தொடாதீர்கள். அந்த நேரத்தில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம். மழை நின்றபின் அறுந்து கிடக்கும் மின்கம்பியிடம் யாரையும் போகவிடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வெளியே வேலை செய்பவர்களின் நிலை. இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அறிந்திருந்தும் ஒருவரால் வேலையை விட்டு வர முடியாமல் போகலாம். கூலிக்கு மாங்காய் பறிப்பவர் மூன்று மணிக்கு இறங்கிவிட்டால் முழுக்கூலி கிடைக்குமா? நூறு நாள் வேலையில் 2023 முதல் காலையும் பிற்பகலும் தளத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்தால்தான் வருகைப் பதிவு என்று ஆனது. மேகம் திரளும்போது பிற்பகல் படத்துக்காகக் காத்து நின்ற பெண்களிடம் போய் ‘இடி கேட்டால் வீட்டுக்குப் போங்கள்’ என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணித்தளப் பொறுப்பாளருக்கும், தோட்டக்காரருக்கும், கட்டட மேஸ்திரிக்கும்தான் அந்த அறிவுரை போய்ச் சேர வேண்டும். முதல் இடி கேட்டதும் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டேன் என்ற உறுதியும் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். சித்திரை, வைகாசியில் பறிப்பைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிக்கலாம். மேகம் முளைக்கும் நேரம் நமக்குத் தெரிந்த ஒன்றுதானே. பேரிடர் நிர்வாகம் என்றால் மீட்புப் படகும் நிவாரணத் தொகையும் என்று நினைக்கிறோம். கோடை இடியைப் பொறுத்தவரை, பாதியில் நின்ற வேலைக்கும் முழுநாள் கூலி கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு தோட்டக்காரர் அதைவிட அதிக உயிரைக் காப்பாற்றுவார்.

சென்ற வைகாசியில் எங்கள் ஊர்த் தோப்பு ஒன்றின் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பறிப்புக்கு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களைக் கூட்டிவந்த அம்மாள் அறுபதைத் தாண்டியவர். மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ மெதுவாக ஒருமுறை உறுமியது. எனக்கே அது இடியா, லாரியா என்று சந்தேகமாக இருந்தது. “எல்லாரும் கீழ வைங்க, கிளம்புங்க” என்றார் அந்த அம்மாள். ஒரு சின்னப்பெண், “மதினி, இந்தக் கூடை நெறஞ்சிரும், ஒரே நிமிசம்” என்றாள். “கூட கெடக்கட்டும், வா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். தோப்புக்காரரின் காரை வீட்டுக்குள் அத்தனை பேரும் போய் உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் மழை வந்தது, ஒரு மணி நேரம் இடித்தது. காபி கொடுத்தார்கள். கதவு வழியாகப் பார்த்தபோது மரத்தடிகளில் பாதி நிறைந்த கூடைகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து மீதியை நிரப்பினார்கள்.